வைப்பின் தீவும் கொச்சி அடிமை வாணிகமும்



பாலக்காட்டுக் கணவாயின் மேற்கு வாயிலிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் வாழும் தமிழ் மக்களுக்கு மலையின் கிழக்குப் புறம் பிறந்த வீடு. மேற்குப் புறம் புகுந்த வீடு. பிறந்த வீட்டின் கதைகளைப் பாட்டியர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். புகுந்த வீட்டின் கதைகளை நாமேதான் தேடி அறிதல் வேண்டும். நல்ல கதைகள் மாத்திரமே போதும் என்று கருதுவது உறவாகாது. நன்மையும் தீமையும் ஒருங்கே அறிந்தவரே ஒரு வீட்டுக்கு உரியவர் ஆவர்.

கேரளக் கரையின் வரலாற்றைப் பேசுவோர் மிளகைப் பேசுவர்; ஏலத்தைப் பேசுவர்; யவனர் கொணர்ந்த பொன்னைப் பேசுவர். இவை யாவும் உண்மையே. ஆயினும், மிளகு மூட்டைகள் ஏறிய துறையிலே மனிதரும் ஏற்றப்பட்டனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கொச்சித் துறையின் முகத்திலே கிடக்கும் வைப்பின் தீவுக்கும், அதன் எதிர்க்கரையான கோட்டைக் கொச்சிக்கும் அண்மையில் நாங்கள் ஒரு சிறு குழுவாகச் சென்று வந்தோம். அங்கே கண்டவற்றையும், அவற்றின் பின்னே நின்ற வரலாற்றையும் இன்று நேயர்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறோம்.

முதலில் அத்தீவு எவ்விடத்தில் உள்ளது என்பதைச் சொல்லிவிடுவோம். இடுக்கி மலைகளிலே வாழ்வோர்க்குப் பெரியாறு அறிமுகம் தேவையில்லாத ஆறு. சிவகிரி மலைகளில் தோன்றி, 1895 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையைக் கடந்து, மூணாற்றின் நீரைச் சுமந்து வரும் முதிரப்புழையாற்றையும் சேர்த்துக்கொண்டு, மேற்கு நோக்கி இறங்குவது அது. ஆலுவாய்க்கு வந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை வடமேற்கே சென்று, சாலக்குடி ஆற்றோடு கலந்து, முனம்பத்தில் கடலை அடைகின்றது. மற்றொரு கிளை வராப்புழை வழியே காயலில் விழுந்து கொச்சி முகத்துவாரத்தை அடைகின்றது. இவ்விரு முகங்களுக்கும் இடையே, கடலுக்கும் காயலுக்கும் நடுவில், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய நிலப்பட்டை படுத்திருக்கிறது. அதுவே வைப்பின்.

1341 ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்ததாகவும், பழைய முசிறித் துறை தூர்ந்து போய்க் கொச்சித் துறை திறந்து கொண்டதாகவும், அவ்வெள்ளத்தின் வண்டலினால் வைப்பின் தீவு உருப்பெற்றதாகவும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மலைமண் கரைந்து தீவாயிற்று என்பது இதன் கருத்து. ஆகவே வைப்பின் மண்ணிலே நாம் வாழும் மலைகளின் மண்ணும் கலந்திருக்கிறது என்று சொன்னால் அது வெறும் அணியன்று.

2004 ஆம் ஆண்டில் கோசிரிப் பாலங்கள் திறக்கப்பட்ட பின்னர், எர்ணாகுளத்திலிருந்து பேருந்திலேயே தீவுக்குப் போய்விடலாம். தீவின் வடகோடியிலே, முனம்பத்துக்கு அருகில், பள்ளிப்புறம் கோட்டை நிற்கிறது. அறுகோண வடிவமான சிறு கோட்டை அது. 1503 ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் கட்டியது. 1661 ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கைப்பற்றியது. 1789 ஆம் ஆண்டில் அவர்கள் திருவிதாங்கூர் அரசருக்கு விலைக்கு விற்றது. ஆற்றின் வழியே கடலுக்குப் போகும் ஒவ்வொரு தோணியையும் கண்காணிக்கத்தக்க இடத்தில் அது அமைந்திருப்பதை நேரிலே பார்த்தால்தான் தெரிந்து கொள்ள முடியும். ஆற்றின் வாயை அடைத்துக்கொண்டவன் உள்நாட்டின் விளைபொருள் முழுவதையும் தன் கைக்குள் அடக்கினான் என்பது அக்கோட்டை கற்பிக்கும் பாடம்.

அங்கிருந்து தென்கோடிக்கு வந்தால், மக்களையும் வாகனங்களையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் படகு நம்மைச் சில நிமிடங்களில் கோட்டைக் கொச்சியில் இறக்கிவிடும். சீன வலைகள் தாழ்வதும் எழுவதுமாக இருக்கும். வந்தவர்கள் அவற்றைப் படம் பிடித்துக்கொண்டிருப்பர். சற்றே நடந்தால் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524 ஆம் ஆண்டில் கொச்சியில் மாண்ட வாஸ்கோ ட காமாவின் உடல் முதலில் அடக்கம் செய்யப்பட்ட இடம் இது. உள்ளே சுவரோரமாக டச்சுக்காரரின் கல்லறைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. குலச்சின்னங்களும் பெயர்களும் ஆண்டுகளும் கல்லிலே ஆழமாக வெட்டப்பட்டுள்ளன. 1724 ஆம் ஆண்டில் அமைந்த டச்சு இடுகாடும் அருகிலேயே இருக்கிறது. ஆண்டவர்களின் பெயர்களைக் கல் காத்து வைத்திருக்கிறது. அவர்களால் விற்கப்பட்டவர்களின் பெயர்கள் எங்கே என்று கேட்டால், அக்கரையிலே அதற்கு விடை சொல்லும் கல் எதையும் நாங்கள் காணவில்லை.

அப்பெயர்கள் இருப்பது காகிதத்தில். 1663 ஆம் ஆண்டு ஜனவரியில் கொச்சியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார், 1795 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரிடம் அதனை இழக்கும் வரை, 132 ஆண்டுகள் அங்கே இருந்தனர். கணக்கு எழுதுவதிலே மிகுந்த கருத்துடையவர்கள் அவர்கள். கொச்சியில் அவர்கள் விட்டுச் சென்ற ஆவணங்கள் பின்னர்ச் சென்னைக்குக் கொண்டு வரப்பட்டு, இன்றும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. கொச்சிக் கடற்கரையில் தேடிக் கிடைக்காத பெயர்கள் தமிழ்நாட்டின் தலைநகரில் ஏடுகளுக்குள் உறங்குகின்றன என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

டச்சுக்காரர் காலத்துக் கொச்சியிலே ஒரு மனிதனை விற்பதும், ஒரு வீட்டை விற்பதும் ஒரே முறையில் நடைபெற்றன. விற்பவரும் வாங்குபவரும் அதிகாரி முன் வருவர். பத்திரம் எழுதப்படும். விற்றவர் இன்னார், வாங்கியவர் இன்னார், விற்கப்பட்டவரின் பெயர் இது, வயது இது, சாதி இது, விலை இவ்வளவு என்று வரிசையாக இடம் பெறும். புலையர் முதலான உழவடிமைக் குலத்தார் மாத்திரமல்லர், ஈழவர் முதலிய பிற குலத்தாரும் இவ்வேடுகளில் வருகின்றனர். சிறுவர் சிறுமியரும் வருகின்றனர். திருடிக் கொண்டு வந்த ஆளை வாங்கக் கூடாது என்பதற்காகவே இத்தகைய பத்திரம் வேண்டும் என விதித்திருந்தனர். ஆனால் விலைக்கு விற்கப்படும் குழந்தை எந்த வழியாக அங்கே வந்தது என்பதை விற்பவனே சொல்ல வேண்டியிருந்தது. திருட்டைத் தடுக்க வந்த சீட்டு, முத்திரை விழுந்தவுடன் திருட்டுக்கும் திரையாகக் கூடியதாயிற்று.

இவ்வாறு வாங்கப்பட்டவர்களிற் பலர் கொச்சியிலேயே வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளப்பட்டனர். ஏனையோர் இலங்கைக்கும், பட்டாவியா எனப்பட்ட இன்றைய ஜகார்த்தாவுக்கும், தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கும் கப்பல் ஏற்றப்பட்டனர். கம்பெனியின் சொந்த வாணிகம் ஒரு புறம். கம்பெனி அதிகாரிகளும் மாலுமிகளும் தம் சொந்தக் கணக்கில் இரண்டு ஆள், மூன்று ஆள் என்று கொண்டு போய் விற்றது மற்றொரு புறம். 1652 ஆம் ஆண்டு முதல் 1808 ஆம் ஆண்டு வரையில் நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அடிமைகள் ஏறக்குறைய 63,000 பேர் என்றும், அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்றும் ஆய்வாளர் கணித்திருக்கின்றனர்.

அங்கே சென்றவுடன் அவர்கள் இழந்த முதற்பொருள் பெயரே. எஜமானர்கள் தமக்கு வாயில் நுழைந்த பெயரை வைத்தனர். செப்டம்பர், பிப்ரவரி என்று மாதங்களின் பெயரையே மனிதருக்கு இட்டு அழைத்தனர். அதன் பின்னே, எவ்விடத்திலிருந்து வந்தவர் என்பதற்காக, 'மலபாரின்' என்றும், 'கொச்சியின்' என்றும், 'சோழமண்டலத்தின்' என்றும் ஒட்டுச் சேர்த்தனர். தாயும் தந்தையும் இட்ட பெயர் போயிற்று. ஊரின் பெயர் மாத்திரம், அதுவும் உருச்சிதைந்து, எஞ்சி நின்றது. கேப் டவுன் நகரில் கம்பெனியின் அடிமைகளை அடைத்து வைத்திருந்த விடுதி இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அத்தகைய ஓர் இடம் கொச்சியில் இன்னும் நிலைபெறவில்லை.

இங்கே நேயர்கள் ஒரு வினா எழுப்பலாம். இது அந்நியர் செய்த கொடுமை அன்றோ? கடல் கடந்து வந்தவன் செய்த தீமைக்கு உள்நாட்டார் என் செய்வர்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால், கடற்கரையை விட்டுப் பாலக்காட்டு நெல்வயல்களுக்குத் திரும்ப வேண்டும்.

1800 ஆம் ஆண்டின் இறுதியில், பிரான்சிஸ் புக்கானன் என்ற ஆங்கிலக் கம்பெனி மருத்துவர் கோயம்புத்தூரிலிருந்து கணவாய் வழியே பாலக்காட்டுக்கு வந்தார். நாட்டின் விளைவு, நிலவுடைமை, தொழில் ஆகியவற்றை ஆராய்ந்து எழுதுமாறு அனுப்பப்பட்டவர் அவர். அவருடைய பயண நூல் 1807 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மலபார் வயல்களில் உழைத்த செருமர் முதலானோர் எவ்வாறு கைமாறினர் என்பதை அவர் விவரித்திருக்கிறார். நிலத்தைப் போலவே ஆளையும் மூன்று வகையாகக் கொடுக்கலாம். ஜன்மம் என்பது முற்றாக விற்றுவிடுதல். காணம் என்பது பணம் பெற்றுக்கொண்டு ஈடாகக் கொடுத்தல். பாட்டம் என்பது ஆண்டு வாடகைக்கு விடுதல். கணவனும் மனைவியுமான ஓர் இளம் இணையின் விலை 250 முதல் 300 பணம். கணவனையும் மனைவியையும் பிரித்து விற்கலாகாது. பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரிக்கலாம். அண்ணனிடமிருந்து தங்கையைப் பிரிக்கலாம். இந்த விதிகளை எந்த டச்சுக்காரனும் எழுதவில்லை.

ஜன்மம், காணம், பாட்டம் என்ற சொற்கள் பாலக்காட்டிலே நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்குப் பழக்கமான சொற்கள். நம்மவர் வீட்டுப் பரணிலே கிடக்கும் பழைய ஓலைகளிலும் பத்திரங்களிலும் அவை இருக்கக் கூடும். அச்சொற்கள் நிலத்தை மாத்திரம் குறிக்கவில்லை என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்?

ஆங்கில அரசும் இதிலே கைகழுவி நிற்கவில்லை. நிலவரி கட்டத் தவறியவர்களுடைய அடிமைகளை வரிப் பாக்கிக்காக விற்கும் வழக்கம் மலபாரில் இருந்தது. அதனை நிறுத்துமாறு 1819 ஆம் ஆண்டில் உத்தரவிட வேண்டியதாயிற்று. அரசுக்கு உரிமையான பண்டார நிலங்களில் இருந்த அடிமைகளின் பேரில் ஆண்டுதோறும் வருமானமும் வந்து கொண்டிருந்தது. 1836 ஆம் ஆண்டில் அதைத் தள்ளுபடி செய்தபோது, கலெக்டரின் கணக்கில் அத்தொகை 927 ரூபாய் 13 அணா என்று காட்டப்பட்டிருந்தது. ஒரு மாவட்டத்துக் கருவூலத்துக்கு இது அற்பத் தொகை. அந்த அற்பத் தொகையை விட்டுக்கொடுப்பதற்கு, மலபார் கம்பெனியின் கைக்கு வந்து 44 ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

இடுக்கி மலைகள் அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தவை. அவ்வரசில் 1836 ஆம் ஆண்டில் எடுத்த குடிக்கணக்கின்படி, மொத்த மக்கள் 12,80,668 பேர். அவர்களில் அடிமைகள் 1,64,864 பேர். எட்டுப் பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். சந்தையில் எண்ணற்ற மனிதர் கைமாறும் நாட்டில், துறைமுகத்துக்கு வந்த வணிகனுக்கு அடிமையை உண்டாக்க வேண்டிய வேலை இல்லை. கப்பலில் ஏற்றிச் செல்லும் வேலையே இருந்தது. கடற்கரையிலே பேசப்பட்ட விலை, வயல் வரப்பிலே முன்னரே வைக்கப்பட்ட விலை. இதுவே அத்தீவைப் பார்த்து வந்ததிலிருந்து எங்கள் நெஞ்சில் பதிந்த செய்தி.

மலையின் கிழக்கே பிறந்தவர்கள் இதைக் கேட்டு, 'அது மலையாள நாட்டு வழக்கம். நம் பக்கம் அவ்வாறு இல்லை' என்று ஆறுதல் அடைவதற்கும் இடம் இல்லை. சுந்தரமூர்த்தி நாயனாரைத் தடுத்தாட்கொள்ள வந்த முதியவர் ஆளோலை ஒன்றைக் காட்டினார் எனப் பெரியபுராணம் சொல்லும் வரலாறு யாவரும் அறிந்தது. அதைப் பக்திச் சுவையோடு கேட்டு மகிழ்கிறோம். ஆனால் அங்கே நாயனார் எழுப்பிய வினாவை ஊன்றிக் கேட்க வேண்டும். அந்தணர் வேறோர் அந்தணருக்கு அடிமையாவதுண்டோ என்றே அவர் வினவினார்; மனிதர் மனிதருக்கு அடிமையாவதுண்டோ என்று வினவவில்லை. ஆளோலை என்ற ஒன்று உலக வழக்கிலே இருந்தமையால்தான் அக்கதை கேட்டோர்க்குப் புரிந்தது.

சோழ நாட்டுக் கல்வெட்டுகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. 1201 ஆம் ஆண்டில், தஞ்சை நாட்டுத் திருப்பாம்புரத்தில், கொடிய பஞ்சத்துக்கு ஆற்றாத வேளாளர் ஒருவர், தம் இரு பெண்மக்களோடு, 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். பஞ்சம் மனிதனை விலைப்பொருளாக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. நாலரை நூற்றாண்டுகள் கழித்து அதே தஞ்சை நாட்டில், 1659 முதல் 1661 வரை, பீஜப்பூர்ப் படையெடுப்புகளாலும் பஞ்சத்தாலும் மக்கள் நிலை குலைந்தபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக் கம்பெனியார் 8,000 முதல் 10,000 பேர் வரையில் வாங்கினர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அவர்களிற் பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். 1201 இல் கோயில் வாங்கியது. 1659 இல் கப்பல் வாங்கியது. வாங்கியவர் மாறினர்; வயிறு காய்ந்தவன் தன்னையே விற்றுக்கொள்ளும் நிலை மாறவில்லை.

மீண்டும் கொச்சிக்கு வருவோம். கல் மறந்ததை மக்கள் மறக்கவில்லை என்பதற்கு அங்கே ஓர் அடையாளம் உண்டு. மட்டாஞ்சேரிப் பக்கத்தில், மாங்காட்டுமுக்கு என்னும் இடத்தில், மதிலோரமாக ஒரு சிறு மேடை இருக்கிறது. அதற்குக் கோபுரமில்லை, சிலையில்லை. அது கப்பிரி முத்தப்பன் கோயில். தமிழிலே காப்பிரி என்று நாம் சொல்லும் சொல்தான் அது. ஆப்பிரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் அடிமைகளைக் கொச்சிக்குக் கொண்டு வந்தனர். 1663 ஆம் ஆண்டில் டச்சுக்காரர் நகரைப் பிடிக்க வந்தபோது, ஓடிப் போன எஜமானர்கள் தங்கள் செல்வத்தைச் சுவர்களுக்குள்ளும் மரத்தடிகளிலும் புதைத்து, அதற்குக் காவலாக அடிமைகளையும் கொன்று உடன் புதைத்தனர் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் கதை. அந்த ஆவியே முத்தப்பனாக இன்றும் ஊரைக் காக்கிறது என்று நம்புகின்றனர். மெழுகுவத்தியும், சுருட்டும், கள்ளும் படைக்கின்றனர். எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர்.

நாங்கள் சென்றிருந்த மாலையில் முதிய பெண்மணி ஒருவர் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். "அம்மா, இவர் எந்த நாட்டவர் என்று தெரியுமா?" என்று கேட்டோம். "எந்த நாட்டவர் ஆனால் என்ன, இங்கே வந்து கஷ்டப்பட்டவர், கஷ்டப்படுகிறவர் சொல்வது அவருக்குப் புரியும்" என்று மலையாளத்தில் மறுமொழி சொன்னார். பொருள் இழந்தவரும், கடன்பட்டவரும், பிள்ளைக்கு நோய் கண்டவரும் அங்கே வருவதாகவும் அவர் கூறினார். அவ்வாவியைக் கண்டு ஊரார் அஞ்சவில்லை, உறவாக்கிக்கொண்டனர். முத்தப்பன் என்பது பாட்டனை அழைக்கும் சொல் அன்றோ? பெயர் தெரியாத ஓர் அந்நிய அடிமையைப் பாட்டன் என்று அழைக்க எளிய மக்களுக்கு முடிந்திருக்கிறது.

இனி, அடிமை முறை எவ்வாறு ஒழிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்வோம். ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. மலபாரிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றி அனுப்புவதை 1792 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியின் ஆணையாளர்கள் தடை செய்தனர். ஆயினும் 1811 ஆம் ஆண்டளவில், திருவிதாங்கூரிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் வட மலபாரின் அஞ்சரக்கண்டித் தோட்டத்தில் வேலை செய்வதைக் கண்டுபிடித்து, தாமஸ் பேபர் என்ற நீதிபதி பலரை விடுவித்தார். தோட்டத்துக்கு உரியவர் பிரிட்டிஷ் நாட்டவரே. தம் இனத்தாரையே எதிர்த்து நிற்க அந்த நீதிபதி துணிந்தார். 1812 ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் ராணி கௌரி லட்சுமி பாய் அடிமை விற்பனையைத் தடுத்தார். ஆனால் நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவடிமைகளுக்கு அது பொருந்தவில்லை.

1843 ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அடிமை உரிமை என ஒன்றை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்று பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் அறிவித்தது. கொச்சி அரசில் 1854 ஆம் ஆண்டிலும், திருவிதாங்கூர் அரசில் 1855 ஆம் ஆண்டிலும் விடுதலை பிறப்பிக்கப்பட்டது. 1862 ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அடிமையாக ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமாயின. சட்டம் விலைச்சீட்டைக் கிழித்தது. நிலம் தரவில்லை; பள்ளி தரவில்லை; பொது வழியிலே நடக்கும் உரிமையைத் தரவில்லை. அவற்றுக்காக அய்யன்காளி போன்றோர் போராட வேண்டியிருந்தது. விற்கப்பட்டுப் பிரிந்த பெற்றோரையும் பிள்ளைகளையும் பற்றிய நினைவைப் பொய்கையில் அப்பச்சன் என்பார் தம் பாடல்களாலும் சொற்பொழிவுகளாலும் மத்தியத் திருவிதாங்கூரில் அழியாது காத்தார். 1879 முதல் 1939 வரை வாழ்ந்த அவர், தம் மக்களுக்கு வரலாறு எழுத ஒருவரும் இல்லாத குறையைத் தாமே தீர்த்துக்கொண்டார் எனலாம்.

அடிமை முறை ஒழிந்த இருபது ஆண்டுகளுக்குப் பின், 1877 ஆம் ஆண்டில், பூஞ்சாற்று அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்பவருக்குக் குத்தகைக்கு விட்டார். காடு திருத்தவும், பின்னர்த் தேயிலை நடவும் கொழுந்து பறிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். அவ்வாறு கங்காணிகளின் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு மலையேறியவர்களே இன்று மூணாற்றிலும் பீர்மேட்டிலும் வாழும் நம்மிற் பலருடைய முன்னோர்கள். அவர்கள் அடிமைகள் அல்லர். அவ்வாறு சொல்வது அவர்களுக்கும், உண்மையாகவே விற்கப்பட்டவர்களுக்கும் இழைக்கும் பிழையாகும். அவர்களுக்குக் கூலி உண்டு. குடும்பத்தைப் பிரித்து விற்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. ஆனால் முன்பணம் தீரும் வரையில் லயத்தை விட்டு நீங்க முடியாத நிலையும், எழுத்தறியாதவன் பேரில் ஏறிக்கொண்டே போகும் பற்றுக் கணக்கும் இருந்தன. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு ஓடினால் தண்டிக்க, 1859 ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு சட்டம் வந்துவிட்டது. 1843 இல் ஒரு கதவைத் திறந்தவர்கள், பதினாறு ஆண்டுகளில் மற்றொரு கதவைச் சாத்தினர். சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு 23 ஆம் பிரிவினால் மனித வாணிகத்தையும் கட்டாய வேலையையும் தடை செய்தது. கடனுக்காக மனிதனைக் கட்டி வைக்கும் கொத்தடிமை முறை 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இவ்வளவும் பழங்கதை என்று இருந்துவிடலாமா? இன்று இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் அஸ்ஸாமிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், வங்காளத்திலிருந்தும் வேலை தேடி மக்கள் வருகின்றனர். ஒரு காலத்தில் நம் முன்னோர் எப்படி மொழி தெரியாமல் வந்து நின்றனரோ, அப்படியே அவர்களும் வந்து நிற்கின்றனர். அவர்களை நம்மில் எத்தனை பேர் பெயர் சொல்லி அழைக்கிறோம்? 'வடக்கன்', 'வங்காளி' என்று ஊரைச் சொல்லி அழைப்பதே வழக்கமாகி வருகிறது. 'மலபாரின்', 'சோழமண்டலத்தின்' என்று கேப் டவுனில் எழுதியவனும் ஊரைச் சொல்லித்தான் அழைத்தான். இரண்டும் ஒன்று என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் பெயரைக் கேட்காமல் இருப்பது, கணக்கைக் கேட்காமல் இருப்பதற்கு முதற்படி என்பதை அவ்வேடுகள் உணர்த்துகின்றன. அவர்களுக்கு முன்பணம் எவ்வளவு, கூலி எவ்வளவு, ஊருக்குப் போக விரும்பினால் போக முடியுமா என்று அருகில் வாழும் நாம் கேட்டறிவது பெரிய செயல் அன்று, செய்யத்தக்க செயல்.

நேயர்களே, பாலக்காட்டிலிருந்து புகைவண்டியிலும் மூணாற்றிலிருந்து பேருந்திலும் ஒரே பகலில் கொச்சிக்குச் சென்றுவிடலாம். விடுமுறை நாட்களில் பிள்ளைகளோடு செல்பவர் பலர். சீன வலையையும், மட்டாஞ்சேரி அரண்மனையையும் அவசியம் காட்டுங்கள். அவற்றோடு பள்ளிப்புறம் கோட்டையையும், கப்பிரி முத்தப்பன் மேடையையும் காட்டுங்கள். இந்த ஆறு நம் மலையிலிருந்து வருவது. இதே ஆற்றின் வாயிலே மனிதர் விற்கப்பட்டனர். விற்றவர்களும் வாங்கியவர்களும் பல நாட்டவர், அவர்களில் நம் நாட்டவரும் உண்டு என்று சொல்லுங்கள். தமிழறிந்த இளைஞர்கள் எழும்பூர்க் காப்பகத்து ஏடுகளைப் படிக்கும் ஆய்வாளராக வர வேண்டும் என்பதும் எங்கள் விருப்பம். அங்கே உறங்கும் பெயர்களில் ஒன்றையேனும் மீட்டு, பிழையின்றி உச்சரிப்பார் ஆயின், கல்லிலே வெட்டப்படாத ஒரு மனிதருக்கு அது நடுகல்லாகும்.

தீவுகள் வண்டலால் உண்டாகின்றன. நினைவும் அவ்வாறே படிந்து படிந்து உருப்பெற வேண்டியது. அதற்கு ஒரு பிடி மண்ணாக இப்பேச்சு அமைந்தால் போதும் என்று கூறி விடைபெறுகிறோம்.